ஓய்வுக்குப் பின் லாரியில் காடு மலை சுற்றலாமா?

கேள்வி: மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றுச் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். வயது 61. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மற்றபடி நலமாக உள்ளேன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் மகன், அங்கே ஓய்வு பெற்ற தம்பதிகள் லாரியையே வீடாக்கிக்கொண்டு பாலைவனத்திலும் காட்டிலும் மாதக்கணக்கில் சுற்றுவதைக் காணொளியில் காட்டினான். அதிலிருந்து எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. பழைய 407 லாரி ஒன்றை வாங்கி, நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையில் கொடுத்து, கட்டில், சமையலறை, கழிவறை, 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் ஆகியவற்றுடன் கட்டிக்கொள்ள நினைக்கிறேன். இதற்காக 25 லட்ச ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். முதலில் சத்தியமங்கலம், கொல்லிமலைக் காடுகளில் தங்கிப் பழகிக்கொண்டு, வரும் ஜூன் மாதம் ஸ்பிட்டி வழியாக லடாக் செல்வது திட்டம். இப்போது கையில் எட்டு வருடப் பொலேரோ உள்ளது. 57 வயதான என் மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் உடன் வர மிகவும் ஆர்வமாக இருக்கிறார். மைத்துனரோ “இந்த வயதில் எதற்கு?” என்கிறார். இது சரிவருமா? எந்த வண்டி நல்லது?

பதில் அளிப்பவர்: சேலத்தில் வாகனப் பட்டறை நடத்தும் ஆட்டோமொபைல் பொறியாளர்

அன்புள்ள ஐயா, மைத்துனரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வயது இதற்குத் தடையன்று. 55 வயதைக் கடந்தவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுகிறது. அதற்கு மருத்துவர் கையெழுத்திட்ட 1-ஏ படிவம் வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவுதான். பத்து நாள் விடுப்பில் லடாக் போய்த் திரும்பிவிட வேண்டும் என்று இரவும் பகலும் ஓட்டுகிற இளைஞர்களைவிட, இன்று மழையென்றால் நாளை கிளம்பிக்கொள்ளலாம் என்று இருக்க முடிந்த உங்களைப் போன்றவர்களுக்கே இந்த வகைப் பயணம் பொருந்தும் என்பது என் கருத்து.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி ஒன்று உண்டு. அது லாரியைப் பற்றியதன்று. உங்கள் துணைவியாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில் தாண்டி என்னும் இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால்தான் என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியின் நடுவில், நாலாயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில், வண்டி ஓட்டுபவருக்கு நெஞ்சு வலித்தாலோ சர்க்கரை திடீரென்று இறங்கிக் கண் இருட்டினாலோ, பக்கத்தில் அமர்ந்திருப்பவர் சாவியை எடுத்து வண்டியைக் கீழே இறக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கைப்பேசிச் சிக்னல் கிடைக்காத இடத்தில் 108-ஐ நம்பி இருக்க முடியாது. எனவே லாரிக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் செலவு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் கட்டணமாக இருக்கட்டும். பழகுநர் உரிமம் எடுத்து முப்பது நாள் கழிந்தபின் நிரந்தர உரிமத்துக்கு வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகலாம். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும் என்பதால் அவசரப்படவும் தேவையில்லை. பள்ளியின் சிறிய காரில் உரிமம் வாங்கிய பிறகு உங்கள் பொலேரோவிலேயே, முதலில் புறவழிச்சாலையில், பின்னர் மலைப்பாதையில், நீங்கள் இடப்பக்க இருக்கையில் அமர்ந்து வாயைத் திறக்காமல் வர, அவர் ஓட்டிப் பழக வேண்டும். கணவர் கற்றுக்கொடுத்து மனைவி வண்டி கற்றுக்கொண்ட வீடுகளில் பாதியில் நின்றுபோனவையே மிகுதி. ஆகவே பயிற்சியாளரிடமே முழுவதும் விட்டுவிடுவது குடும்ப அமைதிக்கும் நல்லது. ஸ்டெப்னி மாற்றவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நட்டைத் தளர்த்தக் கை வலுவைவிட நீளமான ஸ்பேனர்தான் முக்கியம். இரண்டடி நீளக் குழாய் ஒன்றை அதன் பிடியில் சொருகிக்கொண்டால் ஐம்பத்தேழு வயதுப் பெண்மணியாலும் முடியும்.

அவருக்கு ஓட்டுவதில் விருப்பமே இல்லையென்றாலும் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. இன்னொரு தம்பதியர் இன்னொரு வண்டியில் உடன் வர, இரண்டு வண்டிகளாகச் செல்லும் பயணமாக அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது லாரி. நீங்கள் எழுதிய பட்டியலை எடை போட்டுப் பார்த்தேன். 300 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கிலோ. தொட்டியின் எடை தனி. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று ஐம்பது கிலோவைத் தாண்டும். ஜெனரேட்டர் வைத்தாலும் இரவில் ஓசையின்றி விளக்கெரிய பேட்டரி வேண்டியிருக்கும் என்பதால் இரண்டாவது வையுங்கள். எட்டுக்கு நாலு அளவுள்ள 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று ஏறத்தாழ 35 கிலோ வரும். கட்டிலுக்கும் அலமாரிக்கும் சமையல் மேடைக்கும் எத்தனை பலகை ஆகும் என்று தச்சரைக் கேட்டுப் பாருங்கள். நாமக்கல் பட்டறைகளின் வேலைத்திறனைப் பற்றி எனக்கு உயர்ந்த எண்ணமே உண்டு. ஆனால் பத்து டன் சரக்கைத் தாங்கக் கட்டிப் பழகிய கை, உங்கள் துணி அலமாரியையும் அதே கனத்தில்தான் கட்டும். போதாக்குறைக்கு, உள்ளே தடுப்புத் தகடு இல்லாத தொட்டியில் தண்ணீர் பாதியாகக் குறைந்ததும், வளைவில் திரும்பும்போது அத்தனை தண்ணீரும் வெளிப்பக்கத்துக்கு ஓடிச் சேரும். ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் எழுபது. 150 கிலோ தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் வண்டியைத் தள்ளுவதை அங்கே கற்பனை செய்து பாருங்கள்.

ஏறுவதில் பெரிய சிக்கல் இல்லை. எஞ்சின் திணறினால் கியரைக் குறைத்துக்கொள்ளலாம். சோதனை இறக்கத்தில்தான். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது இன்றும் செல்லும் விதி. கனமான வண்டியை மூன்றாம் கியரில் விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பாதி மலையிலேயே கருகிய வாடை வரும். அதற்கும் கீழே மிதி ஆழமாக இறங்கும், வண்டி முன்போல நிற்காது. அடிவாரத்தில் ஓரங்கட்டி, சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொடாமல் அதன் அருகே புறங்கையை மட்டும் கொண்டுபோய்ப் பாருங்கள். நான்கு சக்கரங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனலாக அடித்தால் அந்தப் பிரேக் இறுகிப் பிடிக்கிறது என்று பொருள். லடாக் கிளம்பும் முன் ஏற்காட்டிலேயே அது தெரிந்துவிட வேண்டும்.

தண்ணீருக்குத் தொட்டியே வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தாலும் இருவருக்கும் பத்து லிட்டர்தான். இருபது லிட்டர் கேன் மூன்று இருந்தால் ஐந்து நாளைக்குக் கழுவுவதற்கும் சேர்த்துச் சமாளிக்கலாம். ஒரு கேன் ஒழுகினாலும் மற்ற இரண்டு இருக்கும். ஊர்க் குழாயடிவரை தூக்கிக்கொண்டு போகவும் கேன்தான் வசதி.

சட்டம் இந்த இடத்தில் உங்களுக்குச் சாதகமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை நம் விருப்பப்படி மாற்ற முடியாது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதி செய்தது. 407 சரக்கு வாகனமாகப் பதிவாகியிருக்கும். அதற்குள் வீடு கட்டிவிட்டு, ஆர்.சி. புத்தகத்தில் சரக்கு வாகனம் என்றே விட்டுவைத்து ஓட்டினால், விபத்து நேரும் நாளில் காப்பீட்டு நிறுவனம் அதைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது. ஓடும் வண்டியின் பின்புறக் கூண்டில் உங்கள் துணைவியார் படுத்து வருவதும் குற்றமே. வீட்டு வண்டிகளுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலை உள்ளது. அதன்படி ஒப்புதல் பெற்ற வடிவமைப்பு வேண்டும். “ஆர்.டி.ஓ. வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று பட்டறையில் யாராவது சொன்னால், ஒப்புதல் கடிதத்தைக் கையில் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். மஞ்சள் பலகை வண்டியானால் எஃப்.சி., பிற மாநில வரி, பெர்மிட் என்று ஒவ்வொரு எல்லையிலும் ஒரு கணக்கு இருக்கும். பழைய டீசல் வண்டிகளுக்குத் தில்லி வட்டாரத்தில் கட்டுப்பாடுகள் இருப்பதால் வடக்கே போகும் வழியையே மாற்ற வேண்டி வரலாம். காட்டுப் பயணம் என்றதும் முன்னால் இரும்புக் கம்பி பம்பர் போட ஆசை வரும். அதற்கு 2017-லிருந்தே தடை.

ஆகவே இந்த ஆண்டு எந்த வண்டியும் வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. உங்கள் பொலேரோ சேஸிஸ் மேல் கட்டிய, பின்சக்கரம் இழுக்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைக்கத் தெரிந்த வண்டி. கிளட்ச், பிரேக், ரேடியேட்டர் ஹோஸ், பெல்ட், டயர் ஆகியவற்றைப் பார்த்துப் புதுப்பித்துக்கொண்டால் முதல் ஓராண்டுப் பாடத்துக்கு அது தாராளம். பின்னால் சாமான் பெட்டி இரண்டு, தண்ணீர் கேன்கள், தரையில் அடிக்கும் கூடாரம் ஒன்று, மண்வெட்டி, டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸர், பஞ்சர் ஒட்டும் சாமான், இழுவைக் கயிறு. இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் படுக்கை போட வேண்டாம். அதுவும் மாற்றம் என்ற கணக்கில் வரும்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்க்கும் நேரத்தில் ஒரு நாளைத் திருச்செங்கோட்டுக்கு ஒதுக்குங்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுடன் அவ்வூர்க்காரர்கள் வட மாநிலங்களுக்குச் சென்று மாதக்கணக்கில் வண்டியோடே சமைத்து, வண்டியோடே உறங்கித் திரும்புகிறார்கள். வண்டியில் வாழ்வது பற்றி ஆஸ்திரேலியத் தம்பதியினர் அறிந்ததற்கு எவ்விதத்திலும் குறையாத அறிவு அவர்களிடம் உண்டு; நம் சாலை, நம் டீசல், நம் போலீஸ் என்று எல்லாம் தெரிந்த அறிவு. இரவில் எங்கே நிறுத்துவார்கள், எந்த உதிரிப் பாகத்தைக் கட்டாயம் எடுத்துச் செல்வார்கள், அரிசி பருப்பை எதில் போட்டு வைப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இருட்டும் முன் நிறுத்திவிடுங்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அறுபதுக்கு மேல், கண்புரை தொடங்கியிருக்கக்கூடிய வயதில், அதை நானும் வற்புறுத்துகிறேன்.

பயிற்சிக்குக் காட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை, போகவும் முடியாது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். அங்கே சாலையோரம் வண்டியை நிறுத்தித் தங்குவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பண்ணாரி முதல் திம்பம் வரையிலான பாதையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை கார்களுக்கும் அனுமதி இல்லை. கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் காப்புக்காடுகள் உண்டு. அனுமதியின்றி அவற்றினுள் நுழைந்து அடுப்பு மூட்டினால் கோடையில் அது காட்டுத்தீயாக முடியும். ஆஸ்திரேலியாவில் ஆளில்லாத அரசு நிலத்தில் தங்கும் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் நாட்டில் ஆளில்லாத இடம் என்று தோன்றுவதெல்லாம் வனத்துறையினுடையதாகவோ யாரோ ஒருவருடைய காப்பித் தோட்டமாகவோ இருக்கும்.

அந்தத் தோட்டங்களே உங்களுக்கு வழி. ஏற்காட்டில் அறிமுகமான தோட்ட உரிமையாளர் யாரிடமாவது கேட்டு, களத்து ஓரத்தில் ஓர் இரவு கூடாரம் அடித்துத் தங்குங்கள். சேலம் அடிவாரப் பாதையில் ஏறிக் குப்பனூர்ப் பாதையில் இறங்குங்கள். இரண்டு பாதைகளின் குணமும் வேறு. மார்கழி இரவில் தங்கினால் குளிருக்கு எத்தனை போர்வை வேண்டும், இரவில் இரண்டு முறை சிறுநீர் கழிக்க எழும்போது டார்ச் எங்கே இருக்க வேண்டும், எதை எடுத்து வர மறந்தோம், எதை வீணாகச் சுமந்தோம் என்பதெல்லாம் விடிவதற்குள் தெரிந்துவிடும். மறுமுறை அந்தப் பட்டியலைத் திருத்துங்கள். பிறகு கொல்லிமலை, அதன்பின் ஆந்திரத்தின் கண்டிக்கோட்டை, கர்நாடகத்தின் ஹம்பி என்று தூரத்தைக் கூட்டலாம். ஜனவரியில் குஜராத்தின் கட்ச் செல்லலாம். அங்கே வெண்பாலை எனப்படும் உப்புப் பாலைவனத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். உப்புப் பரப்பு பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும் அடியில் சேறு இருக்கும். ஏற்கெனவே வண்டிகள் போன தடத்தை விட்டு இறங்கவே கூடாது. மணலில் டயர்க் காற்றழுத்தத்தை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை குறைத்தால் வண்டி மிதந்து செல்லும், ஆனால் அந்தச் சேற்றில் அது உதவாது.

மலையுச்சிக் குளிரைப் பழகினாலும் உயரத்தைப் பழக நம் பக்கம் இடமே இல்லை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். தமிழ்நாட்டின் சாலை எட்டும் மிக உயர்ந்த இடங்களில் ஒன்றான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். லே நகரமே 3,500 மீட்டர். ஏற்காட்டில் மூச்சு வாங்கவில்லை என்பது லடாக்குக்குச் சான்றிதழ் ஆகாது. 3,000 மீட்டருக்கு மேல் சென்ற பின், முந்தின இரவு உறங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்த இடத்தில் மறு இரவு உறங்கக் கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஒரே இடத்தில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காமல் உடனே இறங்குங்கள். இங்கேயும் இரண்டாவது ஓட்டுநரின் அருமை தெரியும். ஸ்பிட்டிக்கு மணாலி வழியாகப் போகாமல் சிம்லா, கின்னௌர் வழியாகச் சென்றால் உயரம் படிப்படியாகக் கூடும். ஜூனைவிடச் செப்டம்பர் நல்லது; மழைக்கால மண்சரிவு அடங்கத் தொடங்கியிருக்கும், கணவாய்களும் திறந்திருக்கும். உங்கள் மாத்திரைகளை அந்த உயரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். டிரெட்மில் சோதனையும் செய்துகொள்ளுங்கள். நான் எஞ்சின் பார்ப்பவன். இதயத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தகுதியில்லை.

சில சிறிய செய்திகள். மகன் அன்போடு செயற்கைக்கோள் தொடர்புக் கருவி அனுப்பி வைத்தால் வாங்காதீர்கள். உரிமமின்றி அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், வெளிநாட்டுப் பயணிகளே கைதாகியிருக்கிறார்கள். லடாக்கில் பிற மாநில ப்ரீபெய்டு எண் எடுக்காது; போஸ்ட்பெய்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது, குக்கர் கட்டாயம். கேஸ் அடுப்பை எப்போதும் வெளியே வைத்துச் சமையுங்கள். குளிருக்காக மூடிய வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ அடுப்பையோ கரி நெருப்பையோ எரியவிட்டு உறங்கினால் கார்பன் மோனாக்சைடு வாடையும் காட்டாது, எழுப்பவும் விடாது.

ஓராண்டு முடிந்து, உங்கள் இருவருக்கும் ஆசை குறையாமல் இருந்தால், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளை அப்போது பாருங்கள். வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்ற இரட்டைக் கேபின் பிக்கப்களும் ஐந்து கதவுக் கூர்க்காவும் இருவருக்குப் போதுமானவை. பயன்படுத்திய வண்டியாக வாங்கினால் உங்கள் 25 லட்சத்தில் டீசலுக்கும் மருத்துவ அவசரத்துக்கும் மீதி இருக்கும். எதை வாங்கினாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்து, அதிலிருந்து உங்கள் இருவரின் எடையையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. பிக்கப் வண்டிகளில் அது நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். பின் அச்சுக்கும் பின்னால் கனத்தை ஏற்றிக் குண்டும் குழியுமான பாதையில் ஓட்டினால் சேஸிஸே வளைந்துவிடும். ஓராண்டில் திருத்தித் திருத்திச் சுருங்கிய உங்கள் சாமான்கள் முழுவதையும் ஏற்றி, டாங்கை நிரப்பி, இருவரும் அமர்ந்துகொண்டு சங்ககிரிப் பக்கம் உள்ள எடை மேடை ஒன்றில் வண்டியை நிறுத்துங்கள். முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் எடை போடச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை ஆர்.சி. புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, பாடி கட்ட ஏதேனும் மிச்சம் இருந்தால் பட்டறைக்கு முன்பணம் கொடுங்கள்.